ஒரே சுவரில் சித்திரமும் துணியும்

கணவனும் மனைவியும் சேர்ந்து கலைக் கண்காட்சி நடத்துகிற வழக்கம் நம் நகரங்களில் பரவி வருவது மகிழ்ச்சிக்குரிய விஷயம்தான். ஆனால் அத்தகைய கண்காட்சிகளில் அடிக்கடி காணக் கிடைக்கும் ஓர் ஏற்பாடு, எத்தனை முறை பார்த்தாலும் கண்ணுக்குப் பழகாமல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒருவர் பேஸ்டலில் தீட்டிய சித்திரங்கள் கண்ணாடிச் சட்டம் பூண்டு, தலைப்பு, அளவு, ஆண்டு சகிதம் பிரதான சுவரில் வீற்றிருக்க, மற்றவர் துணியை வெட்டியும் தைத்தும் சாயமேற்றியும் உருவாக்கியவை, வாழ்த்து அட்டைகளும் வருகைப் பதிவேடும் வைத்திருக்கும் மேஜையின் ஓரத்தில், தலைப்பும் இல்லாமல் ஆண்டும் இல்லாமல், விலைச் சீட்டு மட்டும் குத்தப்பட்டுத் தொங்கும். முதலாமவர் பெரும்பாலும் கணவர் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. சித்திரம் கலை, துணி வீட்டு வேலை என்ற பழைய சம்பிரதாயம் இந்த ஏற்பாட்டுக்கு ஆதாரம். மற்ற சித்திர வகைகள் எப்படியோ, பேஸ்டலையும் துணியையும் பொறுத்தவரை அந்த ஆதாரத்தில் சாரமே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பாரிஸ் நகரத்தில் கோப்லன் என்ற பெயர்பெற்ற சித்திர நெசவுச் சாலை ஒன்று உண்டு. அரண்மனைச் சுவர்களுக்குத் திரை நெய்து கொடுத்த அந்தச் சாலையின் சாயப் பகுதிக்கு 1824-ல் தலைவராக வந்த ஷெவ்ரல் என்ற ரசாயன சாஸ்திரியிடம், கறுப்புச் சாயத்தைப் பற்றி ஒரு புகார் வந்தது: நீலமும் ஊதாவுமான ஆடை மடிப்புகளுக்கு நிழல் காட்ட நெய்கிற கறுப்பு நூல் அழுத்தமில்லாமல் வெளிறித் தெரிகிறது, ஆகவே சாயம் தோய்ப்பவர்கள் தங்கள் காரியத்தைச் சரியாகச் செய்யவில்லை என்பது புகாரின் சாரம். ஷெவ்ரல் வேறு இடங்களிலிருந்து கறுப்புக் கம்பளி நூல்களைத் தருவித்து, தம் சாலை நூலோடு பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்; சாயத்தில் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம், அதைக் குற்றம் என்று சொல்லலாமானால், பக்கத்தில் இருந்த நீலத்தினுடையது. ஒவ்வொரு நிறமும் தனக்கு எதிர்நிறத்தின் சாயலைத் தன் அண்டை நிறத்தின்மேல் படியவைக்கிறது என்றும், அதனால் எந்த நிறத்தையும் அதன் அயலை விட்டுப் பிரித்துப் பார்க்க நம் கண்ணால் முடியாது என்றும் அவர் கண்டுகொண்டு, 1839-ல் அதை விரிவான ஒரு நூலாக வெளியிட்டார். பிற்காலத்தில் ஸெரா, ரொபேர் தெலோனே ஆகிய சித்திரக்காரர்கள் தங்கள் வர்ணப் பிரயோகத்துக்குத் துணையாகக் கொண்டது இந்த நூலைத்தான். நவீன சித்திரக்காரர்கள் போற்றுகிற வர்ண சாஸ்திரத்தின் ஒரு பெரும் பகுதி சாயத் தொட்டியின் கரையில் பிறந்தது என்றால், துணியை வாசலில் நிறுத்தி வைக்கிறவர்களுக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கும்.

பேஸ்டலின் சுபாவத்தைக் கவனித்தால் இந்த உறவு இன்னும் தெளிவாகும். நிறப்பொடியை மிகச் சொற்பமான பசையோடு பிசைந்து, குச்சியாக உருட்டி உலர்த்தியதுதான் பேஸ்டல். எண்ணெய் வர்ணக்காரர் இரண்டு நிறங்களைத் தட்டில் குழைத்து மூன்றாவது ஒன்றை உண்டாக்கிக்கொள்ளலாம். பேஸ்டல்காரருக்கு அந்தச் சலுகை அவ்வளவாகக் கிடையாது. வேண்டிய சாயை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குச்சியைத் தேடி எடுத்து, சொரசொரப்பான தாளின் நுண்ணிய குழிகளில் பொடி தங்கும்படி, ஒரு கீற்றின் பக்கத்தில் இன்னொரு கீற்றாக, ஒன்றின்மேல் ஒன்று மெல்ல உராயும்படி இழுத்துக்கொண்டு போக வேண்டும். விரலை வைத்து அதிகமாகத் தேய்த்தால் எல்லாம் ஒரே சேறாகிவிடும். டெகா தீட்டிய நடனப் பெண்களை அருகில் போய்ப் பார்த்தால், சதையின் நிறத்தினூடே பச்சைக் கீற்றுகள் வெட்கமில்லாமல் ஓடுவது தெரியும்; நாலு அடி பின்வாங்கினால் அந்தப் பச்சையே மேடை விளக்கின் ஒளியாக மாறிவிடும். துணிக்காரரின் நிலையும் இதுவேதான். அவர் கையில் இருப்பது ஏற்கெனவே சாயமேறிய துண்டு. அதைக் கரைத்துக் குழைக்க முடியாது, எதன் பக்கத்தில் எதை வைப்பது என்ற தேர்வு ஒன்றே அவருக்குள்ள சுதந்திரம். அருங்காட்சியகங்களைப் பராமரிக்கிறவர்கள் இந்த ஒற்றுமையை வேறொரு வழியாக அறிந்திருக்கிறார்கள். இரண்டும் ஒளிக்கு வெளிறக் கூடியவையாதலால், தாளில் தீட்டியதற்கும் துணிக்கும் சுமார் 50 லக்ஸ் என்று ஒரே மங்கலான வெளிச்சத்தைத்தான் அவர்கள் விதிக்கிறார்கள். எண்ணெய்ச் சித்திரங்களுக்கு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வெளிச்சம் அனுமதிக்கப்படுகிறது.

ஸோனியா தெலோனேயின் வாழ்க்கையை இந்த விவகாரத்துக்கு ஒரு சாட்சியாகவே வைக்கலாம். உக்ரைன் தேசத்தில் 1885-ல் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்து, பீட்டர்ஸ்பர்க்கில் செல்வந்தரான தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, ஜெர்மனியில் சித்திரம் பயின்று பாரிஸுக்கு வந்த அவர், 1910-ல், மேலே சொன்ன ரொபேர் தெலோனேயை மணந்தார். மறு ஆண்டு பிறந்த மகனுக்காக, உக்ரைன் குடியானவர்கள் வீடுகளில் கண்ட முறையில், துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தார். பாலேட்டு வெண்மையும் இளஞ்சிவப்பும் பச்சையும் பழுப்பும் இடையிடையே கறுப்புமாக, ஒன்றுக்கொன்று அளவில் ஒவ்வாத நாற்கரங்களும் முக்கோணங்களும் நெருங்கி நிற்கிற அந்தத் தொட்டில் போர்வை இப்போது பாரிஸின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரொபேரின் புகழுக்குக் காரணமான ஜன்னல் சித்திரங்கள் 1912-ல் வந்தவை. போர்வையைப் பார்த்துத்தான் அவர் அவற்றைத் தீட்டினார் என்று வாதாட நான் வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் பேசப்பட்ட விஷயம் முதலில் துணியிலும் பிறகு கித்தானிலும் வெளிப்பட்டது என்று சொன்னால் அதை மறுப்பது கஷ்டம். 1913-ல் ஸோனியா அதே முறையில் தமக்கு ஓர் உடை தைத்துக்கொண்டு நடன மண்டபத்துக்குப் போக, ப்ளேஸ் ஸாந்த்ரார் என்ற கவிஞர் அந்த உடையின்மீது ஒரு கவிதையே பாடினார்.

1917-ல் ரஷ்யாவில் புரட்சி மூண்டதும் ஸோனியாவுக்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த வருமானம் அடியோடு நின்றது. அதன் பிறகு குடும்ப பாரத்தைத் தாங்கியதில் பெரும்பங்கு துணிக்குத்தான். அந்நாளில் குடும்பம் தங்கியிருந்த மாட்ரிடில் அவர் ஒரு கடை திறந்தார். பாரிஸுக்குத் திரும்பிய பின் 1923-ல் லியோன் நகரத்துப் பட்டு உற்பத்தியாளர் ஒருவர் 50 மாதிரிகள் வரைந்து தரும்படி கேட்டார். 1925-ல் நடந்த பெரிய அலங்காரக் கலைக் கண்காட்சியில் அவருடைய துணிகளுக்கென்றே ஒரு கடை இருந்தது. ரொபேரோ வர்ண தத்துவத்தில் ஆழ்ந்திருந்தார். அதற்கு வேண்டிய ஓய்வை யார் சம்பாதித்துக் கொடுத்தார்கள் என்பது கலை விமர்சகர்கள் வெகுகாலம் விசாரிக்காத கேள்வி. 1941-ல் ரொபேர் காலமானதும், தம் கணவர் பெயர் மங்கிவிடக் கூடாது என்ற சிரத்தையோடு ஆண்டுக்கணக்காக உழைத்தவரும் ஸோனியாதான். தம் துணிகளுக்கும் சித்திரங்களுக்கும் இடையே தாம் ஒருநாளும் பேதம் பாராட்டியதில்லை என்பது அவர் கட்சி; உலகம் பாராட்டியது. இருவருடைய படைப்புகளையும் அவர் பிரெஞ்சு அரசுக்கு நன்கொடையாக அளித்து, 1964-ல் லூவ்ரில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டபோது அவர் எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இது நமக்கு அந்நியமான கதையும் அல்ல. 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் கலைஞர்கள் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தார்களே, அந்த மணல்வெளியை வாங்குவதற்குப் பணம் கொடுத்தவற்றில் அவர்கள் மெழுகு தடவிச் சாயம் தோய்த்து விற்ற பாட்டிக் துணிகளும் அடக்கம். அந்தக் கலைஞர்களைப் பற்றிப் பேசுகிறபோது நாம் கித்தான்களைப் பற்றியே பேசுகிறோம். பாட்டிக் ஒரு ஜீவனோபாயம் என்ற அளவில் ஒரு வாக்கியத்தில் வந்து போய்விடுகிறது.

துணி என்பதற்காகவே எதையும் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டும் என்பது என் கட்சியல்ல. கண்காட்சிகளில் தொங்கும் துணிப் படைப்புகளில் கணிசமானவை, யாரோ தீட்டிய கோபுரத்தையும் யாரோ தீட்டிய யானையையும் துண்டுத் துணியில் பிரதி செய்தவை. தைப்பதில் உள்ள பொறுமையைக் காட்டுமே ஒழிய, துணி மட்டுமே செய்யக் கூடிய ஒன்றை அவை செய்வதில்லை. இழையின் பளபளப்பு, ஓரம் பிரிந்த நூல், மடிப்பில் விழும் நிழல் ஆகியவற்றைச் சித்திரக்காரர் கோட்டைப் பயன்படுத்துவதுபோல் பயன்படுத்தத் தெரிந்த கை அபூர்வந்தான். ஆனால் பேஸ்டலிலும் அதே விகிதத்தில் அசடுகள் உண்டு. அவற்றுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டு நல்ல சுவரில் மாட்டுவதற்கு நாம் தயங்குவதில்லை.

ஆகவே மண்டபம் நடத்துகிறவர்களிடம் என் கோரிக்கை எளியது. தம்பதிகள் இருவர் காட்சி வைத்தால், இருவர் படைப்புகளையும் கலந்து மாட்டுங்கள். பேஸ்டலுக்கு எழுதுகிற அட்டையைத் துணிக்கும் எழுதுங்கள். நெய்தவர் வேறு, வடிவமைத்தவர் வேறு என்றால் இருவர் பெயரையும் போடுங்கள். துணியின் விலையைக் கேட்டு, இத்தனை முழத்துக்கு இவ்வளவா என்று முகம் சுளிக்கிறவர்கள் வரத்தான் செய்வார்கள். இதைத் துவைக்கலாமா என்றுகூட ஒருவர் விசாரிப்பார். எதிர்ச் சுவரில் இருக்கும் பேஸ்டலில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலே கறை விழுந்துவிடும் என்றும், அதைப் பார்த்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்றும் அவருக்குப் பதில் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கட்டும்.