இசை மருத்துவமும் வெளிவாரிக் கல்வியும்

விழா மலர்களிலே பழம்பெருமை பேசுதல் மரபு. அம்மரபைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. ஆயினும், பெருமை பேசி முடிந்தபின் அப்பெருமைக்கு உரியோராய் நாம் இன்று செய்யத்தக்கது யாது என்று வினவுதலும் பழைய மாணவர் கடனேயாகும். இசைக் கல்லூரியிற் பட்டம் பெற்று ஊர் திரும்பிய இளைஞரும் நங்கையரும் சிலர், இசை மருத்துவத்தில் முதுகலைக் கல்வியைத் தொலைக்கல்வி வாயிலாகப் பெறலாமா என்று இந்நாளில் நம்மவரிடம் ஆலோசனை கேட்கின்றனர். “வீட்டிலிருந்து பெறும் பட்டம் ஒரு பட்டமா?” என்று சிலர் நகைக்கின்றனர். “எப்பட்டமாயினும் பெற்றால் நன்றே” என்கின்றனர் வேறு சிலர். இவ்விரண்டும் ஆராயாது கூறிய விடைகள் என்பதே எமது துணிபு.

முதலாவது கூற்றை மறுத்தற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. காரைதீவிலே 1892-ம் ஆண்டிற் பிறந்த மயில்வாகனனார், பின்னாளிற் சுவாமி விபுலானந்தராய் விளங்கியவர், இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானமாணிப் பட்டத்தை 1920-ம் ஆண்டில் வெளிவாரி மாணவராகவே பெற்றார். தன் கல்லூரிகளில் வந்து பயிலாதாரும் தன் பட்டத் தேர்வுகளை எழுதலாம் என 1858-ம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் வாயிலைத் திறந்துவிட்டமையே அதற்கு வழியாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் அமர்ந்தார். கடல்கடந்த கல்வியைத் தம் ஊரிலிருந்தே பெற்ற ஒருவரை அதிபராகப் பெற்றது இந்துக் கல்லூரிகளின் வரலாறு. ஆகவே, வெளிவாரிக் கல்வியை இழித்துரைக்கும் உரிமை நமக்கு இல்லை.

ஆயினும் ஈண்டு உற்றுநோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அப்பட்டத்தைப் பெறுமுன் மயில்வாகனனார் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் முறையாக விஞ்ஞானம் பயின்று தகுதிப் பத்திரம் பெற்றிருந்தார். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞான ஆசிரியராகவும் பணியாற்றினார். நூலறிவு தபாலிலே வந்தது. கையறிவோ ஆய்வுகூடத்திலும் வகுப்பறையிலும் வந்தது. இரண்டும் கூடிய இடத்திலேதான் பின்னாளில் யாழ்நூல் பிறந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைக் குறிப்புகளைக் கணிதத்தாலும் ஒலியியலாலும் அளந்து, ஆண்டுகள் பல உழைத்து, 1947-ம் ஆண்டில் அந்நூலை அவர் வெளியிட்டார். விஞ்ஞானம் கற்றவர் இசைக்குச் செய்த தொண்டு அது. இசை கற்றவர் விஞ்ஞானத்தின் துணையோடு நோயாளருக்குச் செய்யும் தொண்டே இசை மருத்துவமாகும்.

இசையையும் வைத்தியத்தையும் ஒருங்கு பேணுதல் தமிழுக்குப் புதிதன்று. 1917-ம் ஆண்டிற் கருணாமிர்த சாகரம் என்னும் இசைப் பெருநூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவத்தாற் பொருளும் புகழும் ஈட்டியவர். ஆனால், இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று பட்டியல் எழுதி விற்போர் செய்வது இசை மருத்துவம் ஆகாது. பயிற்சி பெற்ற ஒருவர், வைத்தியரோடும் தாதியரோடும் கூடி, குறித்த நோயாளர் ஒருவருக்குக் குறித்த நன்மை ஒன்றை நாடி இசையைக் கையாளுதலும், அதனால் விளைந்த பயனை நாள்தோறும் அளந்து எழுதுதலுமே இத்தொழிலின் இலக்கணம்.

எடுத்துக்காட்டு இரண்டு கூறுவோம். பாரிசவாதத்தால் மூளையின் இடப்பாகம் பழுதுற்றுப் பேச்சிழந்தோருட் சிலர், பேச இயலாத சொற்களைப் பாட்டாகப் பாட வல்லவராய் இருக்கின்றனர். இதனைக் கருவியாகக் கொண்டு, இன்றியமையாத சிறு தொடர்களை இராகத்தோடு சொல்லவைத்துப் படிப்படியே பேச்சுக்குக் கொணரும் முறையொன்றை அமெரிக்காவின் பொஸ்தன் நகரத்து ஆய்வாளர் 1973-ம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வாறே, நடுக்குவாதத்தால் அடியெடுத்து வைக்கத் தடுமாறுவோர், சீரான தாளம் ஒன்று காதில் விழுமாயின் அதனோடு இயைந்து செவ்வையாக நடத்தலைக் காண்கிறோம். தாளம் அறிந்த மிருதங்க மாணவன் ஒருவனுக்கு இவ்வைத்தியசாலை வேலை எவ்வளவு அருகில் உள்ளது என்பதைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

இனி, இக்கல்வி எங்குளது என்று பார்ப்போம். அமெரிக்காவில் மிச்சிகன் அரசுக் கல்லூரி 1944-ம் ஆண்டிலேயே இதற்குப் பட்டநெறி தொடங்கிற்று. இங்கிலாந்தில் இது முதுநிலைக் கல்வி. சட்டப்படி பதிவு செய்யாதார் இசை மருத்துவர் என்னும் பெயரைச் சூடுதல் அங்குக் குற்றம். தமிழ்நாட்டை அடுத்த புதுச்சேரியில், ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் மருத்துவக் கல்லூரியின் அணுக்கத்திலேயே இதனைப் பயிற்றி வந்துள்ளது. இணையவழி முதுகலை நெறியைக் கொலராடோ அரசுப் பல்கலைக்கழகம் போன்றவை நடத்தியுள்ளன. ஆனால், அத்தகைய நெறிகள் பெரும்பாலும் முன்னரே பயிற்சி பெற்றோரை மேலும் உயர்த்துவன. அடிப்படைப் பயிற்சி இல்லாதார் அதனை முதலில் ஈடுசெய்தல் வேண்டும். அமெரிக்காவில் அவ்வடிப்படைப் பயிற்சி நோயாளர் நடுவே மேற்பார்வையுடன் கழிக்கும் 1,200 மணி நேரமாகும். இதனை எந்தத் தபாலும் எந்த இணையமும் கொண்டுவந்து தரா.

“எப்பட்டமாயினும் நன்றே” என்போருக்கு எமது விடை இதுவே. கையொப்பமும் முத்திரையும் அச்சிட்டுச் சில கிழமைகளில் அனுப்பப்படும் பத்திரங்கள் உலகெங்கும் விலைக்குக் கிடைக்கின்றன. பெயரிலே ‘சர்வதேசம்’ என்றிருத்தல் தகுதிக்குச் சான்றாகாது. 2022-ம் ஆண்டில் டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. வயலை ஈடுவைத்தும் நகையை விற்றும் கட்டணம் கட்டும் பெற்றோரின் பணம் பயனற்ற பத்திரத்திற் போதல் ஒரு கேடு. அப்பத்திரத்தை நம்பிப் பயிற்சியற்ற ஒருவரிடம் மனம் நொந்த குழந்தை ஒப்படைக்கப்படுதல் அதனினும் பெருங்கேடு. இசை உள்ளத்தை ஆற்றுதல் போலவே புண்ணைக் கிளறவும் வல்லது.

இதனை நம் கரையோரத்தார் நன்கு உணர்வர். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது இலங்கையில் மிகுந்த உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. காரைதீவும் சாய்ந்தமருதும் மருதமுனையும் கல்முனையும் ஒரே நாளில் ஒரே துயரை அடைந்தன. அன்று குழந்தைகளாய் இருந்தோர் இன்று தாய் தந்தையராய் உள்ளனர். போரின் வடுவும் அவற்றோடு சேர்ந்துள்ளது. இத்துயரை ஆற்றப் பயின்ற கைகள் இங்கே தேவை.

அவ்வாறு பயில்வோருக்கு நம் நாட்டுப்புறத்திலேயே பெருஞ்செல்வம் உண்டு. இசை மருத்துவர் தமக்கு இனிய பாட்டைப் பாடுபவர் அல்லர். நோயாளரின் நெஞ்சில் முன்னரே வேரோடிய பாட்டைத் தேடி எடுப்பவர். வைகாசிக் குளிர்த்தியிலே கண்ணகை அம்மன் காவியம் கேட்டு வளர்ந்த காரைதீவுப் பாட்டிக்கு ஒரு பாட்டு. தாலாட்டும் கவியும் கேட்டு வளர்ந்த நிந்தவூர் மூதாட்டிக்கு வேறொரு பாட்டு. றபான் ஓசையில் மனம் நெகிழ்வாரும் உளர். வாத்தியம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்பாரும் உளர். அவரவர் சமயமும் விருப்பமும் கேட்டறிந்தே தொடங்கவேண்டும். இப்பாட்டுகளை எந்த மேனாட்டுப் பாடநூலும் தராது. வீட்டிலிருந்து கற்பதனால் விளையும் பெரிய நன்மை இதுவே: கற்கும் கோட்பாட்டைக் கற்கும் நாளிலேயே தன் மக்களின் பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டு நகரத்தில் ஈராண்டு தங்குவோருக்கு இவ்வாய்ப்பு இல்லை.

ஆகவே, பழைய மாணவர் சங்கத்தின் முன் நான்கு கருத்துகளை வைக்கின்றோம். முதலாவது, இக்கல்வியை நாடுவோர் பணம் கட்டுமுன் அந்நெறி அந்நாட்டுத் தொழில்முறைச் சபையால் ஏற்கப்பட்டதா, நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அப்பல்கலைக்கழகத்தை ஏற்கின்றதா என்று ஆராய்ந்து சொல்லச் சிறு குழு ஒன்று அமைதல் வேண்டும். இரண்டாவது, கட்டணத்திற்கு மட்டும் உதவாது, மேற்பார்வைப் பயிற்சிக்காகப் புதுச்சேரியிலோ பிறிதோரிடத்திலோ சில மாதம் தங்குதற்கும் நிதி வழங்கவேண்டும். உதவி பெற்றோர் சில ஆண்டுகள் இக்கரையோரத்திற் பணிசெய்ய உடன்படல் வேண்டும். மூன்றாவது, கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்முனை வைத்தியசாலைகளும் ஒன்றுகூடிப் பயிற்சிக்கு இடந்தருமாறு வேண்டிக்கொள்ளல் வேண்டும். நான்காவது, இத்துறைக்குரிய கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கவேண்டும். 1936-ம் ஆண்டிற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் விபுலானந்த அடிகளே என்பதை நினைவூட்டுகின்றோம். நோயாளருக்கு விளங்கும் மொழியிற் சொல்லவியலாத வித்தை நோயாளருக்கு உதவாது.

இம்முயற்சிக்கு மாளிகை வேண்டியதில்லை. ஒரு நூலக அறையும், நல்ல இணையத் தொடர்பும், வாரம் ஒருமுறை கூடிப் படிக்கும் ஐந்தாறு மாணவரும், வைத்தியசாலை விடுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரும் மனமுடைய வைத்தியர் ஒருவரும் போதும். பெரிய கல்வி நிலையங்கள் பல இதனினும் சிறிதாகத் தொடங்கியவையே. விழாவுக்கெனச் சேர்த்த நிதியிற் பந்தலும் விருந்தும் போக எஞ்சுவது எவ்வளவாயினும், அதன் முதற்பங்கு இவ்வழியிற் செல்லுமாயின், நம் வைத்தியசாலைகளில் அயலூரார் ஒருவரேனும் இழந்த பேச்சை மீளப் பெறும் நாள் வரும். அந்நாளே நம் கல்லூரிக்கு மெய்யான விழா நாள் என்க.