மஞ்சள் உடுத்திய காளைத் தவளை

கோடை முடிந்து முதல் பெருமழை கொட்டிய மறுநாள், வயல் தண்ணீரில் எலுமிச்சை மஞ்சளாக ஏதோ மின்னினால், விஷத் தவளை என்று பயந்து கல்லெடுக்காதீர்கள். அது நம் காளைத் தவளை. மற்ற நாட்களில் பச்சையும் பழுப்புமாகச் சேற்றோடு சேறாகக் கிடக்கும் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் உடல் முழுக்க மஞ்சளாகிவிடும். தொண்டையின் இரு பக்கமும் நீலக் குரல்பைகள் பலூன்போல் உப்பும். கண்ணுக்கு இத்தனை விருந்தான காட்சி நம் வரப்போரத்திலேயே நடக்கிறது. நின்று பார்ப்பவர்கள்தான் குறைவு. மழையற்ற மாதங்களில் இந்தத் தவளை மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். வாய்க்குள் அடங்குவதெல்லாம் அதற்கு இரை: பூச்சி, நண்டு, சுண்டெலி, சின்னப் பாம்பு, தன் இனத்துக் குட்டித் தவளைகூட. வயலின் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவும் இந்த உயிரைத்தான், பின்னங்கால் இறைச்சிக்காகச் சாக்குச் சாக்காகப் பிடித்து வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். 1987-இல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்னும் முன்பே செய்திருக்க வேண்டும் என்பேன். அந்தமானில் கதை வேறு. மனிதர்களால் அங்கே போய்ச் சேர்ந்த இதே தவளையின் தலைப்பிரட்டைகள், அந்தத் தீவுகளுக்கே உரிய தவளைகளின் தலைப்பிரட்டைகளை வேட்டையாடித் தின்கின்றன. வளர்ப்பு மீன்குஞ்சுகளோடு கலந்து காளைத் தவளையின் தலைப்பிரட்டைகள் புதுப்புதுக் குளங்களுக்குப் பரவுகின்றன. தவளைமேல் குற்றமில்லை. மீன்குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் ஒருமுறை சலித்துப் பார்த்து, தலைப்பிரட்டைகளைப் பிரித்தெடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.