அலையை நாம் செய்வோம், பவளம் கடலிலேயே இருக்கட்டும்



அன்பின் ஊர் உறவுகளே, பெற்றோர்களே,

மாத்தளையிலிருந்து எந்தக் கடலுக்குப் போவதென்றாலும் மணிக்கணக்கில் பயணம் செய்ய வேண்டும். ஆனால் இப்போது எமது பிள்ளைகள் சிலரின் அறைக்குள்ளேயே கடல் வந்துவிட்டது. கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், மேலே நீல வெளிச்சம். தொட்டி வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. அந்தத் தொட்டிக்குள் அலை எழுப்பும் பம்பைக் கட்டுப்படுத்தும் சர்க்கியூட்டை யூடியூப் பார்த்துச் செய்துகொண்டிருக்கிறார்கள். "சேர், புத்தகத்தைத் தொடுறான் இல்ல, ராவெல்லாம் வயரும் ஈயமும்தான்" என்று உம்மாமார் வந்து சொல்கிறார்கள். "நீங்க சொன்னா கேப்பான், விடச் சொல்லுங்க" என்கிறார்கள்.

விடச் சொல்ல எமக்கு மனமில்லை. அதேநேரம், இப்படியே நடக்கட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. அலையைச் செய்யும் வேலையைப் பிள்ளைகள் செய்யட்டும், அதற்குப் பாடசாலையிலும் ஊரிலும் இடம் கொடுப்போம். பவளத்தைத் தொட்டிக்குள் கொண்டுவரும் ஆசையை மட்டும் விட்டுவிடுவோம். இதுதான் எமது கருத்து. காரணங்களைச் சொல்கிறோம்.

முதலில் இந்த அலைப் பம்ப் எதற்கு என்று பார்ப்போம். பவளம் பாறைபோல் இருந்தாலும் அது உயிருள்ள பிராணி. ஆனால் இருந்த இடத்தை விட்டு நகராது. உணவும் ஒட்சிசனும் தண்ணீரோடு அதனிடம் வந்துசேர வேண்டும். கழிவும் தண்ணீரோடுதான் போக வேண்டும். பவளத்தின் உடம்பை ஒட்டி எப்போதும் அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். சுற்றியுள்ள தண்ணீர் நன்றாக அசைந்தால் அந்தப் படலம் மெலியும், கொடுக்கல் வாங்கல் நடக்கும். தண்ணீர் தேங்கினால் பவளம் நோய்ப்பட்டுச் செத்துப்போகும்.

சாதாரண பம்ப் ஒரே திசையில், ஒரே வேகத்தில் தண்ணீரைத் தள்ளும். ஒரு மூலையில் வேகம் கூடிப்போகும், மறுமூலையில் அழுக்கு படியும். கடலில் அப்படி இல்லை. தண்ணீர் போகும், வரும், ஓயும், மறுபடி எழும். அதைப்போலப் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பதுதான் கட்டுப்படுத்தியின் வேலை.

இந்தச் சின்னப் பெட்டியைச் செய்ய ஒரு பிள்ளை எவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது தெரியுமா? ஆர்டுயினோ பலகை 0 முதல் 255 வரையான ஓர் எண்ணைக் கொண்டு, மின்சாரத்தை செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை போட்டு நிறுத்தி, மோட்டரின் வேகத்தை மாற்றுகிறது. ஆனால் அந்தப் பலகையின் மின்னோட்டம் மோட்டருக்குப் போதாது. ஆகவே இடையில் மொஸ்ஃபெட் ஒன்றைப் போட வேண்டும். 5 வோல்ற்றில் முழுதாகத் திறக்காத மொஸ்ஃபெட்டை வாங்கினால் அது கொதிக்கும். ஏன் கொதிக்கிறது என்று தேடும்போது பிள்ளை வலு என்ற பாடத்தைத் தானாகவே படிக்கிறது. மோட்டரை நிறுத்தும் கணத்தில் அதன் சுருளிலிருந்து உயர் அழுத்தம் ஒன்று எதிர்த்துப் பாயும். அதை வாங்கிக்கொள்ள இருவாயி ஒன்றை மோட்டருக்குக் குறுக்கே போட மறந்தால், சற்று நேரத்தில் மொஸ்ஃபெட் கருகும். தூண்டல் பற்றிய பாடத்தைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதினாலும், கருகிய ஒரு துண்டு படிப்பிக்கும் அளவுக்கு எம்மால் படிப்பிக்க முடியாது.

எல்லாப் பம்பும் ஒரே மாதிரி இல்லை என்பதும் அப்போதுதான் புரியும். 230 வோல்ற்றில் நேரடியாக ஓடும் பம்பின் வேகம், மின்விசிறியின் ரெகுலேற்றரைத் திருப்பினால் குறைவதுபோல ஒழுங்காகக் குறையாது. அதன் வேகம் எமது மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸோடு பூட்டப்பட்டது. புதுவகை 24 வோல்ற் அலைப் பம்புகள் பெரும்பாலும் தூரிகை இல்லாத மோட்டர்கள். அவற்றுக்கு வரும் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பது சரிவராது. அவற்றின் ட்ரைவருக்கு வேகத்தைச் சொல்லும் சைகையைத்தான் கொடுக்க வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்தில் 'வடிவமைப்பும் மின், இலத்திரனியல் தொழினுட்பவியலும்' எடுக்கும் பிள்ளைக்கும், 2013இல் ஆரம்பித்த உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைக்கும் இதைவிடப் பொருத்தமான செய்முறை வேறு என்ன இருக்கிறது?

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இன்று உலகம் முழுவதும் விற்பனையாகும் வோர்டெக் என்ற அலைப் பம்பை உருவாக்கிய ஈகோடெக் மரைன் நிறுவனம், அமெரிக்காவின் லீஹாய் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது. மோட்டரைக் கண்ணாடிக்கு வெளியே வைத்து, காந்தத்தால் உள்ளே இருக்கும் விசிறியைச் சுழற்றினார்கள். தண்ணீருக்குள் மின்சாரமே போகவில்லை. பெரிய தொழிற்சாலையோடு தொடங்கியவர்கள் அல்லர், படிக்கும் காலத்தில் ஒரு பிரச்சினையை எடுத்து அதைத் தீர்த்தவர்கள்.

கட்டுப்படுத்தி இல்லாமலும் அலை செய்யலாம். ஹவாயில் வைக்கிக்கி மீன்காட்சியகத்தில் இருந்த புரூஸ் கார்ல்சன் என்பவரின் பெயரில் ஒரு முறை இருக்கிறது. உயரத்தில் ஒரு வாளி, அதில் வளைந்த குழாய் ஒன்று. வாளி நிரம்பியதும் மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் பாயும், மறுபடி நிரம்பும். குழாய் மட்டத்துக்கு மேல் நீர் ஏறியதும் தானாகவே உறிஞ்சி வெளியேற்றும் தத்துவம்தான் அது. ஆர்டுயினோ வாங்க முடியாத பிள்ளை இதிலிருந்து தொடங்கலாம்.

இனி, பவளம் ஏன் வேண்டாம் என்கிறோம்?

பவளம் எமது நாட்டில் ஏற்கெனவே அடிபட்டுப்போன உயிர். 1998இல் கடல் சூடாகியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்துப் பார் பாறைத்தொடரிலும் பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் செத்தன. 2016இலும் வெளுப்பு வந்தது. அதற்கு முன்பு தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எரித்தார்கள். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் 1988இல் செய்த திருத்தம்தான் அதற்குத் தடை போட்டது. எமது மாவட்டத்தில் டொலமைற்றுக் கல்லை எரித்துச் சுண்ணாம்பு எடுப்பது உங்களுக்குத் தெரியும். கடலை உடைக்காமலும் சுண்ணாம்பு கிடைக்கும். அதுபோலக் கடலை உடைக்காமலும் அலையைப் படிக்கலாம்.

இன்று எமது கடலிலிருந்து உயிருள்ள பவளத்தைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம். கற்பவளங்கள் அனைத்தும் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. "ஒருவர் மலிவாகத் தாறார்" என்று பிள்ளை சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று வாப்பா கேட்கத்தான் வேண்டும். பதில் இல்லாத பொருள் எமது வீட்டுக்குள் வரக்கூடாது. ஹலால் ஹராம் பார்த்துச் சாப்பிடும் சமூகம் நாம். வீட்டுக்குள் வரும் மற்றப் பொருளையும் அப்படிப் பார்க்க வேண்டாமா? சூறா ரஹ்மானில் முத்தோடு சேர்த்து மர்ஜானும் அல்லாஹ்வின் அருட்கொடையாகச் சொல்லப்படுகிறது. அருட்கொடை என்றால் அது எம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

மற்றக் காரணம் மின்சாரம். பவளத் தொட்டிக்கு இரவு பகலாக மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருட்டானது. நீரோட்டம் பல மணித்தியாலம் நின்றால் தொட்டிக்குள் ஒட்சிசன் குறைந்து உயிர்கள் சாகத் தொடங்கும். பற்றரியும் இன்வேர்ட்டரும் வாங்கி வைக்கும் வீடுகள் எமது ஊரில் எத்தனை? காப்பாற்ற முடியாது என்று தெரிந்தும் ஓர் உயிரைக் கொண்டுவந்து அடைப்பது நியாயமில்லை.

அப்படியானால் செய்த கட்டுப்படுத்தியை எங்கே பூட்டுவது? எமது யோசனை இதுதான். நான்கு பலகைகளை அடித்து, உள்ளே தடித்த பொலித்தீன் விரித்து, 1 மீற்றர் நீளமான ஆழமில்லாத தொட்டி ஒன்று செய்வோம். குழாய்த் தண்ணீர் போதும், உப்புக்கூட வேண்டாம். படகுகளில் தண்ணீர் இறைக்கும் சிறிய 12 வோல்ற் பம்ப் ஒன்றை ஒரு முனையில் வைப்போம். பவளத்துக்குப் பதிலாக அடியில் வர்ண நூல்களைக் கட்டுவோம். நூல் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த மூலையில் அசையாமல் கிடக்கிறது என்று பார்த்தால் நீரோட்டம் கண்ணுக்குத் தெரியும்.

இதில் ஓர் அற்புதம் இருக்கிறது. தொட்டியின் நீளத்தின் இரு மடங்கை எடுங்கள். புவியீர்ப்பு ஆர்முடுகலை ஆழத்தால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் வகுங்கள். 1 மீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் ஆழமும் என்றால் விடை ஏறத்தாழ 2 செக்கன். பம்பை ஒரு செக்கன் ஓடவிட்டு, ஒரு செக்கன் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டால், சின்னப் பம்பே முழுத் தொட்டியையும் ஊஞ்சல்போல ஆட்டும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போன்றதுதான் இது. உயர்தரப் பௌதிகவியலில் பரிவு என்று படிப்பது இதைத்தான். ஜெர்மனியின் துன்சே நிறுவனம் விற்கும் அலைப் பெட்டியும் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. ஆழத்தை 5 சென்ரிமீற்றராகக் குறைத்தால் நேரம் ஏறத்தாழ 2.9 செக்கனாகும். பிள்ளை முதலில் கணக்குப் போடட்டும், பிறகு கைக்கடிகாரத்தால் அளந்து பார்க்கட்டும்.

அதே வர்க்கமூலம்தான் 2004 டிசம்பர் 26ஆம் திகதி எமது கரைகளுக்கு வந்த ஆழிப்பேரலையின் வேகத்தையும் சொல்கிறது. 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீற்றரளவு வேகம். ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து அலை உயர்கிறது. பலகைத் தொட்டியில் இதைக் கண்ட பிள்ளை, கடல் திடீரென உள்வாங்கினால் ஏன் ஓட வேண்டும் என்பதையும் புரிந்துகொள்ளும்.

பெற்றோரே, பாதுகாப்பு விடயத்தில் விட்டுக்கொடுப்பே கூடாது. தண்ணீருக்குள் போகும் எதுவும் 12 வோல்ற்றுக்கு மேல் இருக்கக்கூடாது, அதுவும் பற்றரியிலிருந்தோ மூடிய நல்ல அடப்டரிலிருந்தோ வர வேண்டும். 230 வோல்ற் வயரைப் பிள்ளை வெட்டவோ ஒட்டவோ கூடாது. வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் பிள்ளையின் சர்க்கியூட்டுக்கு முன் அதைத் திருத்துங்கள். அடப்டர் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தொட்டியை விட்டுத் தள்ளி இருக்கட்டும். வயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து போகட்டும், அப்போது வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஏற்கெனவே உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நல்ல தண்ணீரைவிட நன்றாகக் கடத்தும்.

இந்த வேலைக்கு ஆசிரியர்கள் மட்டும் போதாது. எமது நகரத்தில் ரேடியோ, டீவி திருத்தும் நானாமார் இருக்கிறார்கள். ஒரு பலகையை மணந்து பார்த்தே எது கருகியது என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களுடைய கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. அந்தக் கைத்திறனைப் படிக்க ஆளில்லை. டியூஷனுக்கு மாதாமாதம் கொடுக்கத் தயங்காத நாம், ஒரு சோல்டரிங் அயனுக்கும் ஒரு மல்ட்டிமீற்றருக்கும் ஏன் தயங்குகிறோம்? வாரத்தில் ஒரு மாலை, பாடசாலையிலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ ஒரு மேசை, கற்றுக்கொடுக்க ஒரு நானா, பக்கத்தில் ஓர் ஆசிரியர். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். பெண் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு நேரம் வேண்டும். விஞ்ஞானத்தில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளைகளில் பலர் அவர்கள்தான், ஆனால் சோல்டரிங் அயனைப் பிடித்துப் பார்த்தவர்கள் குறைவு.

பவளத்தைப் பார்க்கும் ஆசைக்கும் வழி இருக்கிறது. தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்குச் சுற்றுலா போகிறோம்தானே. நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. கடல் அமைதியான காலம் பார்த்துப் போவோம். பவளத்தின் மேல் கால் வைக்காமல், ஒரு துண்டும் எடுக்காமல், அங்கே அலை எப்படி வருகிறது, எத்தனை செக்கனுக்கு ஒருமுறை வருகிறது என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வரட்டும். வந்து அந்த எண்ணைத் தங்கள் கட்டுப்படுத்தியில் எழுதட்டும்.

பழைய பம்ப், அடப்டர், பலகை, சர்க்கியூட் எதுவும் வீட்டில் சும்மா கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், பாடசாலைக்குக் கொடுத்துவிடுங்கள். கைத்தொழில் தெரிந்த நானாமார் ஒரு மாலை நேரத்தைத் தாருங்கள். அல்லாஹ் எமது பிள்ளைகளின் அறிவில் பரகத் செய்வானாக.