இரவு பத்து மணிக்கு டீச்சருக்கு என்ன மெசேஜ்?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரிடம் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. நானும் உங்களில் ஒருவன்தான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

வேலை வீட்டுக்குள் வந்துவிட்டது என்று எல்லோரும் புலம்புகிறோம். சேதராப்பட்டில் ஷிஃப்ட் முடித்து வந்தவர் சாப்பிட உட்கார்ந்தால் சூப்பர்வைசரிடமிருந்து மெசேஜ். டவுனில் துணிக்கடைக்குப் போய் வரும் அம்மாவுக்கு ஸ்டாக் கணக்கு கேட்டு முதலாளியின் வாய்ஸ் நோட். இந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே இரவில், அதே போனில், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, "மிஸ், நாளைக்கு மேத்ஸ் நோட்டு கொண்டு வரணுமா?" என்று கேட்கிறோமே, அப்போது நாம் யார்? அந்த டீச்சருக்கு நாம்தான் சூப்பர்வைசர். அவர் பார்த்துவிட்டார் என்று நீல டிக் காட்டியும் பதில் வரவில்லை என்றால், காலையில் பள்ளி வாசலில் நின்று குறை சொல்கிறோம். அவருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும், நம் பிள்ளையின் வயதே இருக்கும் என்று யாராவது யோசித்தோமா?

நாம் எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில்லில் போராடிய தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது எட்டு மணி நேர வேலை. அந்த ஆண்டுதான் பாரிஸில் லெயோன் ப்ளும் அரசு வாரத்துக்கு 40 மணி நேரம் என்று சட்டம் போட்டிருந்தது. அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இங்கே நெசவாளிக்கும் நூற்பாளிக்கும் பொழுது விடிவதும் அடைவதும் மில்லுக்குள்ளேயே போயிற்று. வ.சுப்பையா முன்நின்ற அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 1937இல் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் என்று அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று மாலை போடுகிறோம்.

மீதி நேரத்தை அவர்கள் எதற்குக் கேட்டார்கள்? ஓய்வுக்கு, உறக்கத்துக்கு, வீட்டுக்கு. பிள்ளை விழித்திருக்கும்போது அதன் முகத்தைப் பார்ப்பதற்கு. மில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது, அதற்குப் பிறகு முதலாளியின் குரல் வீட்டுக்குள் வர வழியே கிடையாது. அந்த மில்கள் மூடிக் கிடக்கின்றன, சங்கும் ஓய்ந்துவிட்டது. அவர்கள் உயிர் கொடுத்து வாங்கிய சாயங்காலத்தை நாம் யாரும் கேட்காமலே கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆமாம், கேட்காமலே. ஷிஃப்ட் குரூப்பில் இரவு ஒன்பதரைக்கு ஒரு போட்டோ வருகிறது. இன்றைய உற்பத்தி இவ்வளவு என்று எழுதிய போர்டின் போட்டோ. அதில் நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் "ஓகே சார்" போடுகிறோம், ஒருவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் கும்பிடு போடுகிறார், மூன்றாமவர் கட்டை விரலை உயர்த்துகிறார். அந்த ஐந்து நிமிடமும் பக்கத்தில் பிள்ளை கணக்கு நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறது. "இரு, இரு" என்கிறோம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அது போய்விடும். சில வாரங்கள் இப்படி நின்று பார்த்தால் அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு வரவே வராது. அதன் பிறகு, "என் பையன் என்கிட்ட எதையும் சொல்ல மாட்டேங்கறான்" என்று கவலைப்படுகிறோம்.

காண்ட்ராக்டில் இருப்பவர்களின் பயம் எனக்குத் தெரியும். பதில் போடாவிட்டால் நாளைக்கு வர வேண்டாம் என்பார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்வது பொய்யில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்று எழுதி வைத்தது. ஆனால் இரவு மெசேஜுக்கு எந்த மஸ்டர் ரோலிலும் இடமில்லை. பிரான்ஸில் 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் தொழிலாளியின் உரிமை பற்றிப் பேசித் தீர்க்க வேண்டும் என்ற சட்டம் 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நம் மக்களவையில் 2018இல் சுப்ரியா சுலே அப்படி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆனால் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியபோது, தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்து நின்றதால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. தனியாக ஒருவர் போனை அணைத்து வைத்தால் அவர் பெயர் கெடும். ஒரு லைனில் இருப்பவர்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டால் யார் பெயரும் கெடாது.

அவசரத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவசரம் எது என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, பாகூர் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தபோது, போன்தான் பலரை மேட்டுக்கு ஏற்றியது. அந்த இரவில் யாரும் யாரையும் தூங்க விட்டிருக்கக் கூடாது. சம்பா அறுவடைக்கு மெஷின் கிடைக்கும் நேரத்தில் விவசாயியின் போன் நடுராத்திரியில் அடிக்கத்தான் செய்யும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவருக்கும், லைன்மேனுக்கும், 108 ஓட்டுபவருக்கும் அது பிழைப்போடு வருவது. மேத்ஸ் நோட்டு அந்த வரிசையில் வராது.

அந்த நோட்டு விஷயத்தில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. நாளைக்கு என்ன பாடம், என்ன கொண்டு போக வேண்டும் என்பதை டைரியில் எழுதி வருவது பிள்ளையின் வேலை. அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு பாடம் கடினமாகிவிட்டது என்ற பதற்றம் நமக்கு இருக்கிறது, சரி. அந்தப் பதற்றத்தில் பிள்ளையின் வேலையை நாமே பிடுங்கி, டீச்சரின் தலையில் வைத்துவிட்டோம். "அம்மா குரூப்ல பாத்துக்கும்" என்று தெரிந்த பிள்ளை எதற்கு டைரியைத் திறக்கும்? எழுத மறந்தால் மறுநாள் வகுப்பில் கொஞ்சம் வெட்கப்படட்டும். பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் ஓடிப்போய்க் கேட்டு வரட்டும். ஏழு வயதில் அந்த வெட்கம் மலிவு.

பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேட்டைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், இதே ஊரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களின் வருவாயை எழுதி வைத்த ஆவணம் அது. படிப்பு நடக்க வேண்டுமென்றால் படிப்பு சொல்லித் தருபவர் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று இந்த மண்ணில் யாரோ யோசித்திருக்கிறார்கள். நம்மை யாரும் மூன்று கிராமம் கேட்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு ஒரு டீச்சரை நிம்மதியாக விட்டால் போதும்.

ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். எழுந்து நின்று சொல்லுங்கள்: வகுப்பு குரூப்பில் அட்மின் மட்டும் எழுதட்டும், பள்ளியிலிருந்து வரும் செய்தி மாலை ஆறு மணிக்குள் வரட்டும், உடம்பு சரியில்லை, பஸ் வரவில்லை என்பது போன்றவற்றுக்கு மட்டும் போன் செய்கிறோம், மற்றதைப் பிள்ளை டைரியில் எழுதி வரட்டும். இந்த அமைப்பை மாற்ற வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடம் கூட ஆகாது. டீச்சர்கள் தாங்களாகக் கேட்கத் தயங்குவார்கள், பெற்றோர் கோபித்துக்கொள்வார்களே என்று. நாம்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்டு முடித்த பிறகு உங்கள் ஷிஃப்ட் குரூப்பில் இருக்கும் அப்பாக்கள் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கேயே, பள்ளி மரத்தடியிலேயே, ஷிஃப்ட் குரூப் விஷயத்தையும் பேசிவிடலாம்.