ஊதிப் பார்க்காமல் எழுதப்படும் அஸ்மா

முட்டு என்று வந்தவரின் நெஞ்சில் இரண்டு இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "அஸ்மாதான்" என்று சொல்லி, பத்து நிமிடம் நெபியுலைசரில் இருத்தி, மூன்று நாளுக்குக் குளிசை கட்டிக் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை இனியும் வைத்தியம் என்று ஏற்றுக்கொள்ள முடியாது. வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கத்திலும் மாலையானால் நிரம்பி வழியும் தனியார் சிகிச்சை நிலையங்களில், எத்தனை இடத்தில் நோயாளியை ஒரு தடவையாவது ஊதவைத்துப் பார்க்கிறார்கள்? சீனி வருத்தத்துக்கு இரத்தம் பாராமல், பிரஷருக்குக் கையில் பட்டி கட்டாமல் மருந்து எழுதும் வைத்தியரிடம் நம் சனம் இரண்டாம் முறை போகாது. தொய்வுக்கு மட்டும் அளவு எதுவும் தேவையில்லை என்று யார் தீர்மானித்தது?

அளக்க வழியில்லை என்ற சாட்டு செல்லாது. ஸ்பைரோமீற்றரில் நோயாளி மூச்சை முழுதாக உள்ளிழுத்துப் பலமாக ஊதுகிறார். முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு பதிவாகிறது. பிறகு சுவாசக் குழாயை விரிக்கும் சல்பியூட்டமோலை 200 முதல் 400 மைக்ரோகிராம் கொடுத்து, 10 அல்லது 15 நிமிடம் பொறுத்து மீண்டும் ஊத வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு அந்த அளவு 12 சதவீதமும் 200 மில்லிலீற்றரும் கூடினால் அஸ்மாவுக்கு வலுவான சான்று கிடைத்துவிட்டது. அந்த இயந்திரமும் இல்லையென்றால், சட்டைப் பையில் அடங்கும் பீக் ஃப்ளோ மீற்றர் போதும். இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி ஒரு கொப்பியில் குறித்து வரவேண்டியதுதான். நாளுக்குள் ஏற்படும் ஏற்ற இறக்கம் சராசரியாக வளர்ந்தவர்களில் 10 சதவீதத்தையும் பிள்ளைகளில் 13 சதவீதத்தையும் தாண்டினால் அதுவும் சான்றுதான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஒழுங்காக ஊதவைப்பது கடினம். அங்கே வைத்தியரின் அனுபவத்தைத்தான் நம்ப வேண்டும். ஆனால் நாற்பது வயது வங்கி ஊழியருக்கும் அதே சலுகையா?

வந்த நாளில் மூச்சு சீராக இருந்து, எண்களும் சரியாக இருந்துவிடலாம். அஸ்மா அப்படி வந்து போகும் நோய்தான். அதற்காகத்தான் சுவாசக் குழாய் எவ்வளவு சீக்கிரம் சீறுகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. மெத்தகோலின் என்ற மருந்தை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி உள்ளிழுக்கச் செய்கிறார்கள். முதல் விநாடிக் காற்று 20 சதவீதம் குறையும்போது நிறுத்திவிடுகிறார்கள். சாதாரணக் குழாய் பொறுத்துக்கொள்ளும் அளவிலேயே அஸ்மாக்காரரின் குழாய் சுருங்கிவிடும். அறிகுறி இருந்தும், மருந்து எதுவும் எடுக்காத ஒருவரின் குழாய் மெத்தகோலினுக்கு அசையவில்லை என்றால், அது அஸ்மாவாக இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

"மருந்து எதுவும் எடுக்காத" என்பதைக் கவனியுங்கள். உள்ளிழுக்கும் ஸ்டெரொயிட் குழாயின் அழற்சியைத் தணித்து, இந்தச் சீற்றத்தையும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடக்கிவிடும். அதுதான் அதன் சிறப்பு. ஆனால் அளக்காமல் அதைத் தொடங்கிவிட்டு ஆறு மாதம் கழித்துச் சோதனைக்கு அனுப்பினால், எண்கள் சரியாக வருவது மருந்தினாலா, நோயே இல்லாததாலா என்று பிரிக்க முடியாமற் போகும். ஆகவே அவசர நிலை தவிர மற்ற எல்லா நேரமும் முதலில் அளவு, பிறகு மருந்து. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குபவர் நோயாளியின் ஆயுட்காலக் கோப்பையே குழப்பிவிடுகிறார்.

குழப்பத்தின் அளவைக் கனடா காட்டியது. வைத்தியர்களால் அஸ்மா என்று சொல்லப்பட்ட 613 பேரை அங்குள்ள ஆய்வாளர்கள் ஸ்பைரோமீற்றரிலும் மெத்தகோலினிலும் வைத்துப் பார்த்து, மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, மறுபடி சோதித்தார்கள். 203 பேரிடம் அஸ்மா இல்லை. 12 பேருக்கு இருதய, நுரையீரல் சார்ந்த பாரதூரமான வேறு நோய் இருந்தது. 2017 இல் வெளிவந்த முடிவு இது. அஸ்மா இல்லை என்று தெரியவந்தவர்களில், தொடக்கத்தில் ஊதவைத்துப் பார்க்கப்பட்டவர்கள் குறைவு. வசதிகள் நிறைந்த நாட்டிலேயே மூன்றில் ஒருவர் என்றால், இங்கே கணக்கெடுக்கவே அஞ்ச வேண்டியிருக்கிறது. இலங்கையில் காசநோயாளர் மிக அதிகமாகப் பதிவாகும் மாவட்டம் கொழும்பு. வாரக்கணக்கில் இருமும் கொட்டாஞ்சேனைத் தொழிலாளிக்குச் சளியும் பாராமல், எக்ஸ்ரேயும் எடுக்காமல், "வீசிங்" என்று ஸ்டெரொயிட் குளிசையான பிரெட்னிசலோனைக் கொடுப்பது, காசநோய்க்குக் கதவைத் திறந்துவிடும் வேலை.

அஸ்மா உறுதியானவர்களுக்கு நடப்பது இன்னொரு அநியாயம். இந்நோய்க்கு உள்ளிழுக்கும் ஸ்டெரொயிட் 1972 முதல் பாவனையில் உள்ளது. குறைந்த அளவிலேயே அதை ஒழுங்காக எடுத்தவர்களிடம் அஸ்மா மரணம் குறைந்ததை 2000 இல் ஒரு கனேடிய ஆய்வு காட்டியது. சல்பியூட்டமோலை மட்டும் கொடுத்து அஸ்மாவை நடத்தக்கூடாது என்று அஸ்மாவுக்கான உலகளாவிய வழிகாட்டி 2019 இல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னும் இங்கே சல்பியூட்டமோலின் நீலப் பம்ப்தான் துணை, அல்லது அதன் குளிசை. முட்டுக் கூடினால் பிரெட்னிசலோன்.

இதில் வேடிக்கை, "பம்ப் பிடித்தால் விடமுடியாது, ஸ்டெரொயிட் பிள்ளைக்குக் கூடாது" என்று பயந்து இன்ஹேலரை மறுக்கும் தாய்மார், அதே ஸ்டெரொயிட் இனத்தைச் சேர்ந்த குளிசையைப் பெயர் தெரியாமலே வாங்கிக் கொடுப்பதுதான். நாளுக்கு 30 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்றால் 30,000 மைக்ரோகிராம். அது உடம்பு முழுவதும் ஓடும். இன்ஹேலர் ஸ்டெரொயிட்டான பியூடசொனைட்டின் வளர்ந்தவருக்கான குறைந்த அளவு 200 முதல் 400 மைக்ரோகிராம். அது நேரே குழாய்க்குப் போகிறது. இரண்டின் வீரியமும் ஒன்றல்லத்தான், ஆனாலும் எது பயப்பட வேண்டியது என்பது விளங்கும். வாழ்நாளில் நாலைந்து தடவை ஸ்டெரொயிட் குளிசை எடுத்தாலே எலும்புத் தேய்வும் நீரிழிவும் கண்புரையும் வரும் அபாயம் கூடுகிறது. இன்ஹேலருக்கும் பக்கவிளைவு உண்டு, மறைக்க வேண்டியதில்லை: பிள்ளைப் பருவத்தில் பல வருடம் பியூடசொனைட் எடுத்தவர்கள் வளர்ந்த பின் சராசரியாக 1.2 சென்ரிமீற்றர் குள்ளமாக இருந்ததாக அமெரிக்க ஆய்வொன்று கூறியது. இதைத் தாய்க்கு எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும். சொல்லாமல் விடுவது வைத்தியரின் குற்றம், தாயின் அறியாமையல்ல.

2022 டிசம்பர் 9 அன்று காற்று மாசினால் பாடசாலைகளை மூடியது அரசாங்கம். காற்றை அளக்கக் கருவி இருந்தது, நல்லது. அந்தக் காற்றை இழுத்த பிள்ளையின் மூச்சை அளக்க அடுத்த தெருச் சிகிச்சை நிலையத்தில் ஒரு பீக் ஃப்ளோ மீற்றர் இருந்ததா என்று சுகாதார அமைச்சு இன்றுவரை கேட்டதாகத் தெரியவில்லை.

இனியாவது கேட்க வேண்டும். தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் அதிகாரத்தை 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் வழங்கியிருக்கிறது. நெபியுலைசர் வைத்திருக்கும் எந்த நிலையமும் பீக் ஃப்ளோ மீற்றரும் வைத்திருந்தாலன்றிப் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது. பிரெட்னிசலோனைச் சீட்டின்றி விற்கும் பாமசிகள் மீது ஒளடத அதிகாரசபை வழக்குப் போட வேண்டும். வெலிசறை தேசிய சுவாச நோய் வைத்தியசாலையிலும் கொழும்பு மத்திய மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்திலும் ஸ்பைரோமீற்றருக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், மெத்தகோலின் சோதனையை அரச சேவையில் எங்கே செய்துகொள்ளலாம் என்பதை அமைச்சு மூன்று மொழியிலும் அறிவிக்க வேண்டும். இன்ஹேலரைப் பிடிக்கும் முறையையும் தமிழில் செய்து காட்ட வேண்டும். தமிழ் அரசகரும மொழியாகி முப்பத்தைந்து வருடம் தாண்டிவிட்டது.

வாசகர்களுக்கும் ஒன்று. இதைப் படித்துவிட்டுக் கையிலிருக்கும் இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது, "எனக்கு அஸ்மா என்பதற்கு அளவு எங்கே, டொக்டர்?" என்று கேளுங்கள். இல்லையென்றால் பரிசோதனைக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள்.