முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்: எமது நிலைப்பாடு

இலங்கையின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951இல் பாராளுமன்றம் இயற்றிய 13ஆம் இலக்கச் சட்டம். அதில் கைவைப்பது மார்க்கத்தில் கைவைப்பது என்போருக்கு முதலில் இந்த ஆண்டையும் இலக்கத்தையுமே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அதற்குள் பிக்ஹ் என்னும் மார்க்கச் சட்டவியல் இருக்கிறது, மறுக்கவில்லை. பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலியும் இருக்கிறது, அது எந்த மத்ஹபிலிருந்து (சட்டப்பள்ளியிலிருந்து) வந்ததாம்?

நிக்காஹ் பதிவில் மாப்பிள்ளை கையொப்பமிடுகிறார். பெண்ணின் பாதுகாவலரான வலீ இடுகிறார். நிக்காஹை நடத்திவைத்தவரும் இடுகிறார். மணப்பெண்ணின் கையொப்பத்தைச் சட்டம் கேட்பதே இல்லை. வயது வந்த பெண் தன் நிக்காஹைத் தானே செய்துகொள்ளலாம் என்றவர் இமாம் அபூஹனீபா. இங்கே பெரும்பாலோர் ஷாபி மத்ஹபினர். வலீ அவசியம் என்ற அவர்களின் நிலைப்பாட்டை நாங்கள் எதிர்க்கவில்லை. வலீ இருக்கட்டும், பெண்ணும் கையொப்பமிடட்டும்.

பொதுச் சட்டத்தில் திருமண வயது 18. எங்கள் பெண்பிள்ளைகளுக்கு வயதெல்லையே கிடையாது. 12 வயதுக்குக் குறைந்தவளென்றால் முஸ்லிம் விவாக நீதிபதியான காதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். பருவமடைந்தால் போதும் என்கிறார்கள் உலமாக்கள் பலர். அநாதைகளிடம் சொத்தை ஒப்படைக்க, மணப்பருவத்தோடு பகுத்தறியும் முதிர்ச்சியையும் கேட்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம். சொத்துக்கே முதிர்ச்சி வேண்டுமென்றால் குடும்ப வாழ்க்கைக்கு வேண்டாமா என்று இஸ்லாமியப் பெண்ணியவாதிகள் கேட்பது நியாயமே. விதிவிலக்கின்றி 18 என்பதே எமது கோரிக்கை.

தலாக் சொல்லும் கணவன் காரணம் காட்டத் தேவையில்லை. பஸஹ் என்னும் விவாகரத்துக் கேட்கும் மனைவியோ காதிக்கும் மூன்று அசெசர்களுக்கும் முன்னால், கணவனையும் எதிரே வைத்துக்கொண்டு, தான் பட்ட அடியைச் சாட்சியோடு நிறுவ வேண்டும். அவளுக்காகப் பேசச் சட்டத்தரணி ஆஜராக முடியாது. காதியாக ஆண்தான் வரலாம். பெண் நீதிபதி கூடாது என்பது முற்கால அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. இமாம் தபரி அதிலிருந்து மாறுபட்டார். பலஸ்தீனத்தில் 2009இலும் மலேசியாவில் 2010இலும் ஷரீஆ நீதிமன்றங்களுக்குப் பெண் நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். இங்கும் பெண் காதிகள் வேண்டும்.

பலதார மணத்தில் எங்களுக்குள்ளேயே கருத்தொற்றுமை இல்லை. இருக்கும் மனைவிக்கு அறிவித்து, வசதியை நிரூபித்து, காதியின் உத்தரவு பெற்ற பின்பே என்பது எமது குறைந்தபட்சக் கோரிக்கை.

இச்சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல் இரண்டாகப் பிரிந்து கருத்துகளைக் கையளித்தது. இதற்கிடையே ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்று 2021இல், முஸ்லிம் எதிர்ப்புப் பிரசாரத்தால் அறியப்பட்ட ஞானசார தேரர் தலைமையில் செயலணி அமைத்தார்கள். முஸ்லிம்களைத் தண்டிக்கத் துடிப்பவர்கள் முஸ்லிம் பெண்களுக்காகக் கண்ணீர் விடத் தேவையில்லை. காதி நீதிமன்றங்களை ஒழிக்கும் யோசனையையும் நாங்கள் ஏற்கவில்லை. வறிய பெண்ணொருத்தி செலவில்லாமல் தாபரிப்புக் கேட்கக்கூடிய இடம் அது. தகுதியுள்ள காதிகளும் முறையான சம்பளமும் கண்காணிப்பும்தான் அங்கே தேவை.

முன்பிருந்த சட்டங்களை அப்படியே செல்லுபடியாக்கும் அரசியலமைப்பின் 16(1) உறுப்புரை இருக்கும்வரை இச்சட்டத்தை அடிப்படை உரிமை மீறலென்று நீதிமன்றில் எதிர்க்க வழியில்லை. ஆகவே பாராளுமன்றம்தான் திருத்த வேண்டும். திருத்த வரைவை முஸ்லிம் உறுப்பினர்களோடும் உலமாக்களின் அமைப்பான ஜம்இய்யத்துல் உலமாவோடும் மட்டும் பேசி முடிக்காமல், காதி நீதிமன்றப் படியேறிய பெண்களையும் அழைத்துக் கேட்குமாறு நீதி அமைச்சை வலியுறுத்துகிறோம்.