அயோத்திக்கு ஒரு தராசு, கீழடிக்கு ஒரு தராசா?



குர்பானிக்கு ஆடு வாங்கச் சந்தைக்குப் போகிறீர்கள். விற்பவர் சொல்லும் வயதை அப்படியே நம்பிவிடுகிறீர்களா? வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறீர்கள். பல் பொய் சொல்லாது!

தொல்லியலாளர்கள் செய்வதும் இதைத்தான். மன்னர்கள் தங்கள் வெற்றிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஏழை வீட்டு உலையில் வெந்தது என்ன என்று யார் எழுதி வைத்தார்கள்? அதை எலும்புதான் சொல்ல வேண்டும். எந்தப் பிராணி என்பதை அதன் வடிவம் காட்டும். வயதைப் பல்லின் தேய்மானம் காட்டும். கிழடாகும்வரை வைத்திருந்த மாடு பெரும்பாலும் ஏருக்கோ பாலுக்கோ வளர்ந்தது. கத்தித் தடமும் கருகலும் இருந்தால் சமையலுக்குப் போனது என்று கருத இடமுண்டு.

இந்தச் சாட்சியின் அருமை நமக்குத் தெரியாததா? 2003-ல் நீதிமன்ற உத்தரவின்படி பாபரி மஸ்ஜித் நின்ற இடத்தை இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. அங்கே கிடைத்த விலங்கெலும்புகளை அதன் அறிக்கை உரியபடி கணக்கில் எடுக்கவில்லை என்று வரலாற்றறிஞர்கள் குறை கூறினார்கள். நியாயமான கேள்வி!

அதே நியாயம் நமக்கும் பொருந்த வேண்டாமா? கீழடி பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் அறிக்கை வெளியிட்டது. 70 எலும்பு மாதிரிகள் புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பப்பட்டிருந்தன. உடனே, "கீழடியில் மாட்டுக்கறி தின்றது நிரூபணமாகிவிட்டது" என்று முழங்குகிறாயே, இளைஞனே! அறிக்கையைப் படித்தாயா? வெட்டுத் தடங்கள் இருந்ததாக அது சொல்வது மான் இனம், ஆடு, காட்டுப்பன்றி எலும்புகளில். மாடும் எருமையும் முக்கியமாக உழவுத் தொழிலுக்கே வளர்க்கப்பட்டன என்பது அதன் கருத்து.

மாட்டிறைச்சியின் பழமைக்குச் சான்று வேண்டுமா? அஸ்தினாபுரத்தைப் பார். 1950-52-ல் அங்கே தோண்டிய பி.பி. லால், வெட்டுத் தடமும் கருகலும் கொண்ட மாட்டெலும்புகள் கிடைத்ததைத் தாமே பதிவு செய்தார். சான்று இருக்கும் இடத்தைக் காட்டு. இல்லாத இடத்தில் ஏற்றிச் சொல்லாதே!

மாட்டிறைச்சி வதந்தியை நம்பி 2015-ல் தாத்ரியில் ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். பொய்யின் விலை நமக்குத் தெரியும். அந்தச் சரக்கை நாமே விற்கலாமா?

கோட்டாற்றிலும் தக்கலையிலும் கடை வைத்திருக்கும் பெரியவர்களே! எடையில் மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவனாக இருந்தாலும் அவன் மோசடிக்காரன்தான். வீட்டுக்கொரு பிள்ளை வேண்டாம், ஊருக்கொரு பிள்ளையையாவது தொல்லியல் படிக்க வையுங்கள். பிறர் எண்ணிச் சொல்லும் எலும்பை நாமும் எண்ணிச் சரிபார்க்கும் நாள் வரட்டும்!